கட்டைக்குரலும் காஞ்சிப்பட்டும்: உஷா உதுப்பின் மேடை

1969ஆம் ஆண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்று ஒரு சின்ன இரவு விடுதி. அங்கே இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் புடவை கட்டிக்கொண்டு, காலில் காலிப்பர் கருவியோடு, மேடையேறி ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனது. இன்னும் ஒரு வாரம் இருந்து பாடிவிட்டுப் போகும்படி விடுதி உரிமையாளர் கேட்டுக்கொண்டார். உஷா உதுப் என்று பிற்பாடு நாடறிந்த பாடகியின் தொழில்முறைப் பயணம் இப்படித்தான் தொடங்கியது. அது ஐம்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கவில்லை.

அன்றைய சென்னையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு ஜனவரியில்தான் மாநிலம் ‘தமிழ்நாடு’ என்று அதிகாரபூர்வமாகப் பெயர் பெற்றது. மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1971இல்தான் அது விலக்கப்பட்டது. டிசம்பர் சீசனில் சபா மேடையில் அமர்ந்து பாடும் பெண்களை நகரம் அறியும். திரைக்குப் பின்னால் பாடும் பெண்களையும் அறியும். ஆனால், இரவு நேரத்தில் மைக்கைக் கையில் பிடித்தபடி, நின்றுகொண்டு, கேட்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பாடும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் அந்த நகரத்துக்குப் புதிது.

உஷாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றைச் சொல்லி முடித்துக்கொள்வார்கள்: பட்டுப்புடவை, பெரிய பொட்டு, ஆண்மை கலந்த குரல். அந்த மூன்றையும் வியந்துவிட்டு நகர்ந்துபோவது எளிது. இந்தக் கட்டுரை கேட்க விரும்புவது வேறு ஒன்றை. மேடையில் நின்று பாட ஒரு பெண்ணுக்கு இந்தச் சமூகம் என்னென்ன தகுதிச் சான்றுகளைக் கேட்கிறது? உஷாவிடம் அவற்றில் எவை இருந்தன, எவை இல்லை? அவை இல்லாத மற்ற பெண்கள் என்ன ஆனார்கள்?

குரலுக்கு ஒரு பால்

உஷா 1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தார். சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்ப் பிராமணக் குடும்பம். அப்பா வைத்தியநாத் சோமேஷ்வர் சாமி காவல்துறை அதிகாரி. அக்காமார்களும் பாடுகிறவர்கள். வானொலியில் கர்நாடக இசையும் இந்துஸ்தானியும் மேற்கத்திய இசையும் மாறி மாறி ஒலித்த வீடு அது. ஆனால், முறையான இசைப் பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. பள்ளியில் இசை வகுப்பிலிருந்து அவரை விலக்கிவிட்டார்கள். சேர்ந்து பாடும் பெண் குழந்தைகளின் மெல்லிய குரல்களோடு இந்தக் கனத்த குரல் ஒட்டவில்லை என்பதுதான் காரணம். குழந்தையின் ஆர்வத்தைக் கண்டு, பாடுவதற்குப் பதிலாகத் தட்டுவதற்குச் சில தாளக் கருவிகளைக் கையில் கொடுத்தார்கள்.

நம் ஊரில் இத்தகைய குரலுக்குப் பெயர் ‘கட்டைக்குரல்’. ஒரு பெண்ணைப் பார்த்து இதைச் சொன்னால் அது வெறும் வர்ணனை அல்ல, குறை. தொலைபேசியில் “சொல்லுங்க சார்” என்று எதிர்முனை பேசும்போது கூசிப்போகிற பெண்கள் நம்மில் உண்டு. குரல் உடலிலிருந்து வருவது. தொண்டையின் அமைப்பையும் குரல்நாணின் நீளத்தையும் பொறுத்தது. அதில் ‘பெண்மை’ எங்கே ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், பதில் உடற்கூற்றில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

திரைப்படம் பேசத் தொடங்கிய முதல் பதினைந்து ஆண்டுகளில் நடிகைகள் தாமே பாடினார்கள். நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டைகள் அவை. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்று நடித்துப் பாட கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அந்தக் கணீர்க் குரலை அன்று யாரும் பெண்மைக் குறைவு என்று சொல்லவில்லை. இந்தியில் ஷம்ஷாத் பேகத்தின் அழுத்தமான குரலுக்கும் பெரும் ரசிகர் கூட்டம் இருந்தது.

பின்னணிப் பாடல்முறை நிலைபெற்றபோது நிலைமை மாறியது. குரல் வேறு, உடல் வேறு என்று பிரித்துவிட்டார்கள். திரையில் தெரியும் உடல் ஆடலாம், ஓடலாம், நனையலாம். அதற்குக் கொடுக்கப்படும் குரல் மட்டும் மெலிந்து, உயர்ந்து, உடலே இல்லாததுபோல் ஒலிக்க வேண்டும். இந்தியில் லதா மங்கேஷ்கரின் குரல் 1950களிலிருந்து நல்ல பெண்ணின் குரலாக ஆனது. தமிழில் பி. சுசீலாவின் குரல் அந்த இடத்தில் இருந்தது. அவர்கள் இருவரும் மாபெரும் கலைஞர்கள், குற்றம் அவர்களுடையதல்ல. ஆனால், ஒரு வகைக் குரலைக் குடும்பத்துக்கும் இன்னொரு வகைக் குரலைக் கிளப்புக்கும் என்று பங்கு பிரித்த முறை ஆண்களான இசையமைப்பாளர்களும் தயாரிப்பாளர்களும் வகுத்தது. ‘பளிங்கினால் ஒரு மாளிகை’யும் ‘எலந்தப் பழ’மும் ஏன் எல்.ஆர். ஈஸ்வரிக்கே போயின என்று யோசித்தால் இந்தப் பங்கீடு புரியும். அதே ஈஸ்வரியின் குரல்தான் ஆடி மாதம் முழுக்க மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் நிறைகிறது. கிளப்பில் ஆடுகிறவளுக்கும் உக்கிரமான அம்மனுக்கும் பொருந்துகிற குரல், நடுவில் இருக்கும் கதாநாயகிக்கு மட்டும் ஆகவில்லை.

இந்தச் சூழலில், எந்தப் பங்கிலும் அடங்காத குரலோடு வந்த உஷாவுக்குத் திரையிசையின் வாசல் திறந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் மேடையைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, மேடை மட்டுமே அவருக்கு இருந்தது என்பதே சரி. அது பின்னால் அவருடைய பலமாக மாறியது.

புடவை யாருக்கெல்லாம் காவல்?

சென்னையிலிருந்து அவர் கல்கத்தாவுக்குப் போனார். பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ‘ட்ரிங்காஸ்’ உணவகத்தில் பாடத் தொடங்கினார். அந்தத் தெரு அன்று இந்தியாவின் நேரலை இசைக்குத் தலைநகரம்போல் இருந்தது. ‘மொகாம்போ’, ‘ப்ளூ ஃபாக்ஸ்’ என வரிசையாக உணவகங்கள்; ஒவ்வொன்றிலும் ஓர் இசைக்குழு. பாடகிகளில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர்கள். ஜாஸ் பாடகி பாம் கிரெய்ன் அவர்களில் முதன்மையானவர். நீண்ட கவுன் அணிந்து பாடுவது அந்த மேடைகளின் வழக்கம்.

அங்கே காஞ்சிப்பட்டு, தலையில் பூ, நெற்றியில் பொட்டு என்று வந்து நின்றார் உஷா. அது ஏதோ திட்டமிட்ட உத்தி அல்ல என்றும், நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணான தனக்குத் தெரிந்த உடுப்பு அதுதான் என்றும் அவர் நேர்காணல்களில் சொல்லிவருகிறார். அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை. ஆனால், ஒருவர் என்ன நினைத்து உடுத்துகிறார் என்பதும், பார்ப்பவர்கள் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்பதும் வேறுவேறு. புடவை கட்டிய பாடகி வந்த பிறகு, அதுவரை தயங்கிய குடும்பங்கள் அந்த உணவகத்துக்குப் பெண்களையும் குழந்தைகளையும் அழைத்து வந்தன. “இவள் நம் வீட்டுப் பெண்போல இருக்கிறாள்” என்ற எண்ணம் பாட்டுக்கு முன்னாலேயே அவர்களுக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு பெரும் விடுதலை இருக்கிறது. பாப் பாடலுக்கும் ராக் இசைக்கும் உடல் இப்படித்தான் இருக்க வேண்டும், உடை இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற மேற்கத்திய விதியை ஒரு தென்னிந்தியப் பெண் உடைத்தார். ஒல்லியாக இல்லாமல், சிவப்பாக இல்லாமல், வேறு யாரையும்போல வேடமிடாமல், தான் இருக்கிறபடியே நின்று ‘ஃபீவர்’ பாட முடியும் என்று காட்டினார். இது சின்ன விஷயமல்ல.

ஆனால், இந்த விடுதலையோடு சேர்ந்து ஒரு வாடகையும் வருகிறது. புடவை ஒருத்தியைக் கண்ணியமானவளாக்குகிறது என்றால், புடவை கட்டாதவள் என்ன ஆகிறாள்? கவுன் அணிந்த ஆங்கிலோ இந்தியப் பெண்கள்தான் இந்த நாட்டில் தட்டச்சு, தொலைபேசி இணைப்பகம், செவிலியர் பணி என்று வெளிவேலைக்கு முதலில் வந்தவர்களில் பலர். அதற்கான பரிசாக ‘ஒழுக்கம் தளர்ந்தவர்கள்’ என்ற பட்டத்தைத்தான் இந்தச் சமூகம் அவர்களுக்குக் கொடுத்தது. பாம் கிரெய்ன் தன் வாழ்நாள் முழுக்கப் பாடினார், 2013இல் மறைந்தார். தெருவுக்கு வெளியே அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

அதே ஆண்டுகளில், அதே நகரத்தின் ஃபிர்ப்போஸ் உணவகத்தில் இன்னொரு பெண் ஆடிக்கொண்டிருந்தார். மிஸ் ஷெஃபாலி என்று விளம்பரப் பலகையில் பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஆரத்தி தாஸ். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பம். சிறுமியாக இருந்தபோதே வீட்டு வேலைக்குப் போனவர், பிறகு கேபரே நடனமாடிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’, ‘சீமாபத்த’ படங்களில் தோன்றினார். 2020இல் அவர் இறந்தபோது இரங்கல் செய்திகள் அவருடைய கடைசிக்கால வறுமையைப் பற்றியும் பேசின. உஷாவைப் பார்க்க வந்த குடும்பங்கள் ஷெஃபாலியைப் பார்க்கக் குடும்பமாக வந்ததில்லை. கணவன்மார்கள் மட்டும் வந்தார்கள். ஒரே நகரம், ஒரே இரவு, இரண்டு உழைக்கும் பெண்கள். நடுவில் ஐந்தரை கஜத் துணி. அந்தத் துணிக்குப் பின்னால் சாதியும் வர்க்கமும் அப்பாவின் உத்தியோகமும் இருந்தன.

இதைத் தமிழ்நாட்டுப் பெண்களான நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. உஷா பிறந்த அதே 1947இல்தான் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நீண்ட போராட்டத்தின் பலன் அது. சிறுமிகளைப் பொட்டுக் கட்டும் கொடுமைக்கு முடிவு கட்டியது. ஆனால், அந்தச் சீர்திருத்தத்தின் ஓரமாக இன்னொன்றும் நடந்தது. தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும் வந்த பெண்களின் கலை, அவர்கள் கையைவிட்டுப் போய், ‘குடும்பப் பெண்’களின் கலையாக மறுபிறவி எடுத்தது. 1946இல் இடைக்கால அரசில் வானொலிக்குப் பொறுப்பு வகித்த வல்லபாய் படேல், சொந்த வாழ்க்கை பேச்சுக்கு இடமானதாக உள்ள கலைஞர்களுக்கு வானொலியில் இடமில்லை என்று ஆணையிட்டார். பாதிக்கப்பட்டவர்கள் பாடிப் பிழைத்த கணிகையர் மரபுப் பெண்கள். தேவதாசி மரபில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, இல்லறத்தின் இலக்கணமாகத் தன்னை நிறுத்திக்கொண்ட பிறகே இந்த நாட்டின் குரலாக முடிந்தது. அவருடைய பட்டுப்புடவையின் நீலத்துக்கு ஒரு தனிப் பெயரே உண்டு. புடவை நம் மேடைகளில் எப்போதும் வெறும் உடையாக இருந்ததில்லை. அது ஓர் அனுமதிச்சீட்டு.

தன் குரல், இன்னொருத்தியின் உடல்

1970களில் திரையுலகம் மெல்ல அவரைத் தேடி வந்தது. ‘பாம்பே டாக்கி’ (1970), ‘ஹரே ராம ஹரே கிருஷ்ணா’ (1971) என்று தொடங்கி, 1980களின் தொடக்கத்தில் பப்பி லஹிரியின் டிஸ்கோ இசையில் அது உச்சத்தைத் தொட்டது. ‘பியாரா துஷ்மன்’ படத்தின் ‘ஹரி ஓம் ஹரி’யும், ‘அர்மான்’ படத்தின் ‘ரம்பா ஹோ’வும் நாடு முழுக்க ஒலித்தன.

இங்கே ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. இந்த இரண்டு பாடல்களுக்கும் திரையில் ஆடியவர் கல்பனா ஐயர். ஜிகினா ஆடை, விடுதி மேடை, சுற்றிலும் ஆண்கள். அதாவது, நேரில் நிற்கும்போது பட்டுப்புடவையால் ‘நம் வீட்டுப் பெண்’ ஆன பாடகியின் குரல், திரைக்குப் போனதும் ‘வீட்டுக்கு ஆகாத பெண்’ணின் குரலாக மாறிவிட்டது. பின்னணிப் பாடலின் பழைய பங்கீடு அசையவே இல்லை. ஆழமான குரல் என்றால் அது ஆசையின் குரல், ஆபத்தின் குரல். நாயகி அம்மாவிடம் மனம்விட்டுப் பேசும் காட்சிக்கோ, குழந்தையைத் தூங்க வைக்கும் காட்சிக்கோ அந்தக் குரலை யாரும் அழைக்கவில்லை.

தமிழ்த் திரையுலகம் அவரைப் பயன்படுத்திய விதமும் கொஞ்சம் யோசிக்க வைப்பது. ஏ.பி. நாகராஜனின் ‘மேல்நாட்டு மருமகள்’ (1975) படத்தில் அவர் ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடினார். மேல்நாட்டுப் பெண் தமிழ்ப் பண்பாட்டுக்கு மாறுவதையும், உள்நாட்டுப் பெண் மேல்நாட்டு மோகத்தில் தடுமாறுவதையும் எதிரெதிரே நிறுத்திய படம் அது. பெண்ணின் உடையையும் நடையையும் வைத்துப் பண்பாட்டை அளக்கும் கதைக்குள், இரண்டையும் ஒரே உடலில் சுமந்த ஒரு தமிழ்ப் பெண் வந்து பாடிவிட்டுப் போனார். கதைக்கு அவரை என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. பதினைந்து ஆண்டுகள் கழித்து மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் இளையராஜா அவருக்கு ‘வேகம் வேகம்’ பாட்டைக் கொடுத்தபோதுதான், அந்தக் குரலின் துள்ளலை விடுதிக்கு வெளியே, குழந்தைகளின் உலகத்தில் தமிழர்கள் கேட்டார்கள்.

ஃபிலிம்ஃபேர் விருது அவருக்கு 2012இல் கிடைத்தது. ‘7 கூன் மாஃப்’ படத்தின் ‘டார்லிங்’ பாடலுக்காக, ரேகா பரத்வாஜுடன் சேர்ந்து. அப்போது உஷாவுக்கு அறுபத்து நான்கு வயது. மற்ற பாடகிகள் வாழ்நாள் சாதனையாளர் விருது வாங்கும் வயதில் அவர் அந்த ஆண்டின் சிறந்த பாடகி விருதை வாங்கினார்.

அமைச்சரின் ரசனை

உஷாவின் வாழ்க்கையில் பெண்ணியம் படிக்கும் மாணவிகள் கட்டாயம் அறிய வேண்டிய நிகழ்வு, விருதுமேடையில் அல்ல, நீதிமன்றத்தில் நடந்தது.

1980களின் தொடக்கம். மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சி. பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி. அன்று அங்கே ‘அபசம்ஸ்கிருதி’ என்றொரு சொல் பெரிதாகப் புழங்கியது. சீரழிவுப் பண்பாடு என்று பொருள். உஷாவின் பாடல்கள் அந்த வகையைச் சேர்ந்தவை என்று சொல்லி, அரசு அரங்குகளில் அவர் பாடுவதற்கு அமைச்சர் தடை போட்டார். உஷா பின்வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை, ஊரை விட்டுப் போகவும் இல்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார். ‘உஷா உதுப் எதிர் மேற்கு வங்க அரசு’ என்ற அந்த வழக்கு 1984ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. பொது அரங்கின் கதவுக்கு ஓர் அமைச்சரின் ரசனை பூட்டாக முடியாது என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

இதை ‘இடதுசாரிகள் இப்படித்தான்’ என்று சுருக்கிவிடக் கூடாது. பண்பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்புகிற எந்தக் கட்சிக்காரரும், எந்த மதத்துக்காரரும், எந்த மொழிக்காரரும் முதலில் போய் நிற்கிற இடம் பெண்ணின் உடல்தான். வணிகப் பண்பாட்டைப் பற்றிய விமர்சனம் தேவையானது. பெண்ணுடல் சரக்காக்கப்படுவதை நாமும்தான் விமர்சிக்கிறோம். ஆனால், அந்த விமர்சனம் முதலாளியை விட்டுவிட்டுப் பாடகியைப் பிடித்தால் அது விமர்சனம் இல்லை, கண்காணிப்பு. 1986இல் அதே ஆட்சியின் இன்னோர் அமைச்சரான சுபாஷ் சக்ரவர்த்தியின் முயற்சியில் சால்ட் லேக் மைதானத்தில் ‘ஹோப் 86’ என்ற பிரமாண்ட நட்சத்திர விழா நடந்தது. இந்தித் திரையுலகமே அங்கே இறங்கியது. ஒரு பெண் மைக்கைப் பிடித்தால் சீரழிந்துவிடும் பண்பாடு, அரசின் ஆதரவோடு நட்சத்திரங்கள் வந்தால் பிழைத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எந்தப் புடவை அவரைக் காக்கும் என்று எல்லாரும் நினைத்தார்களோ, அந்தப் புடவை அந்த நேரத்தில் உதவவில்லை. உதவியது சட்டம், வழக்கு நடத்தும் வசதி, பிடிவாதம். கண்ணியம் என்பது மற்றவர்கள் கொடுக்கிற பட்டம். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். உரிமை அப்படியல்ல.

நீடிப்பதன் பொருளாதாரம்

பாப் இசையில் பெண்களுக்கு ஆயுள் குறைவு என்பார்கள். தோல் சுருங்கும்வரைதான் சந்தை. உஷா எப்படி ஐந்து தலைமுறைக் கேட்பவர்களைப் பார்த்தார்?

முதல் காரணம், அவர் எந்த இசையமைப்பாளரையும் நம்பி வாழவில்லை. திரைப்பாடல் வந்தாலும் வராவிட்டாலும் மேடை இருந்தது. பார்க் ஸ்ட்ரீட் 1970களில் மின்வெட்டாலும், நேரலை இசை மீதான கேளிக்கை வரியாலும், கலைஞர்கள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டதாலும் மங்கத் தொடங்கியது. உஷா உணவக மேடையிலிருந்து ஊர் ஊராகப் போகும் மேடைக்கு மாறினார். கல்லூரி விழா, தொழிற்சாலை ஆண்டுவிழா, துர்கா பூஜைப் பந்தல், வெளிநாட்டுப் பயணம் எதையும் சிறிது என்று தள்ளவில்லை. கென்யாவில் சுவாஹிலி மொழியில் பாடி, அந்நாட்டு அதிபர் ஜோமோ கென்யாட்டாவால் கௌரவக் குடியுரிமை பெற்றார். கொல்கத்தாவில் ‘வைப்ரேஷன்ஸ்’ என்று சொந்த ஒலிப்பதிவுக் கூடம் வைத்தார். பாடும் பெண்கள் நிறைய உண்டு. பதிவு செய்யும் அறையின் சாவியைக் கையில் வைத்திருக்கும் பெண்கள் நம் நாட்டில் மிகக் குறைவு.

இரண்டாவது, மொழி. பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடுகிறார். எந்த ஊர் மேடை ஏறினாலும் அந்த ஊர் மொழியில் ஒரு பாட்டாவது பாடிவிடுவார். பம்பாயில் பிறந்த தமிழ்ப்பெண், மலையாளியான ஜானி சாக்கோ உதுப்பை மணந்து, வங்கத்தைத் தன் ஊராக்கிக்கொண்டார். பொட்டின் நடுவே கொல்கத்தாவுக்காக ‘க’ என்ற வங்க எழுத்தை வைத்துக்கொள்கிறார். தேசியம் பற்றிப் பேசும் பலரும் ஒரே மொழியைத் தூக்கிப்பிடிக்கிற காலத்தில் இது வேறுவிதமான ஊர் சேர்தல்.

மூன்றாவது காரணத்தைப் பாராட்டாக மட்டும் சொல்ல முடியவில்லை. அவர் ‘தீதி’ ஆனார். அக்கா. பிறகு அம்மா. மலையாளத்தில் ‘போத்தன் வாவா’ (2006) படத்தில் மம்மூட்டிக்கும், தமிழில் ‘மன்மதன் அம்பு’ (2010) படத்தில் மாதவனுக்கும் தாயாக நடித்தார். உறவுச்சொல் நம் ஊர்களில் ஒரு கவசம். பேருந்தில் “அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று நாம் சொல்வதும் அதே கவசம்தான். ரசிகனை ரசிகனாகவே இருக்கவிட்டு ஒரு பெண் நிற்க முடியாத இடத்தில், அவனைத் தம்பியாக்கிவிட்டு நிற்கிறாள். அது அவளைக் காக்கிறது. கூடவே, அவளுடைய ஆசையையும் உடலையும் பற்றிப் பாட வேண்டிய இடத்தில் கொஞ்சம் நகைச்சுவையைக் கலக்கச் சொல்லவும் செய்கிறது. உஷாவின் மேடைப் பேச்சில் நிறைந்திருக்கும் சிரிப்பைக் கேட்கும்போது, அது எவ்வளவு அவருடைய இயல்பு, எவ்வளவு இந்தச் சமூகத்தோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை என்று பிரித்தறிய முடிவதில்லை.

பெயரும் அப்படித்தான். பிறந்தபோது சாமி, முதல் இசைத்தட்டுகளில் ஐயர், பிறகு உதுப். மூன்றுமே ஆண்கள் வழி வந்த பெயர்கள். முதல் மணத்திலிருந்து விலகி, மதமும் மொழியும் வேறான ஒருவரைத் தேர்ந்தெடுத்த துணிவு அந்த மாற்றத்தில் இருக்கிறது. 2024 ஜூலையில் ஜானி உதுப் மறைந்தார். அதே ஆண்டு உஷாவுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டிருந்தது, 2011இல் பத்மஸ்ரீ. பூவையும் பொட்டையும் கணவனோடு முடிச்சுப் போட்டுவைத்திருக்கும் ஊரில், பூவும் பொட்டும் பட்டும் அவருடைய தொழிலின் அடையாளங்களாகவும் இருக்கின்றன. மேடையில் அவை அவருக்கே உரியவை, யாருடைய மனைவி என்று சொல்வதற்கானவை அல்ல என்பதும் ஒரு பாடம்தான்.

மீதிப் பெண்களின் மேடை

உஷா நல்ல முன்னுதாரணமா என்று மாணவிகள் கேட்கக்கூடும். அவர் பாட்டு எழுதியவர் அல்ல. பெரும்பாலும் பிறர் பாடியதை எடுத்துத் தன்னுடையதாக்கியவர். தன்னைப் பெண்ணியவாதி என்று முன்னிறுத்தியும் பெரிதாகப் பேசியவரல்ல. ஆனாலும், ‘பாட லாயக்கில்லை’ என்று ஒதுக்கப்பட்ட குரலால் ஒரு முழு வாழ்க்கையை நடத்திக் காட்டியது எந்த அறிக்கைக்கும் குறைந்ததல்ல. கட்டைக்குரல் கொண்ட ஒரு பெண் குழந்தைக்கு அவர் இருப்பதே ஓர் ஆறுதல்.

ஆனால், முன்னுதாரணத்தைக் கொண்டாடுவதிலேயே ஒரு கண்ணி உண்டு. “பார், புடவை கட்டிக்கொண்டும் பாப் பாடலாமே, நீ ஏன் அப்படி நிற்கிறாய்?” என்று மற்றப் பெண்களை அடிக்க அவரையே கோலாக எடுப்பார்கள். விதிவிலக்கு ஒன்றைக் காட்டி விதியைக் காப்பாற்றும் பழைய தந்திரம் இது.

2005இல் மகாராஷ்டிர அரசு மது விடுதிகளில் பெண்கள் நடனமாடுவதைத் தடை செய்தது. மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் அந்தத் தடை இல்லை. ஒழுக்கம் கட்டணத்தைப் பொறுத்து மாறியது. மும்பை உயர் நீதிமன்றம் 2006இல் அதை ரத்து செய்தது; உச்ச நீதிமன்றம் 2013இல் அதை உறுதிசெய்தது. அதற்குள் எத்தனையோ பெண்களின் பிழைப்பு போய்விட்டது. நம் தமிழ்நாட்டில் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ‘ஆடல் பாடல்’ நிகழ்ச்சிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ஆபாசம் கூடாது, உடை கண்ணியமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வருகின்றன. ஆடுகிற பெண்ணுக்கு ஊதியம் ஒழுங்காகத் தர வேண்டும், உடை மாற்ற அறை வேண்டும், இரவு பத்திரமாக ஊர் திரும்ப வண்டி வேண்டும் என்ற நிபந்தனைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேடைக்குக் கீழே குடித்துவிட்டுக் கூச்சலிடுகிறவனின் உடையைப் பற்றியும் எந்த நிபந்தனையும் இல்லை.

மெல்லிசைக் குழுக்களில் பாடும் பெண்கள், திருமண வரவேற்பில் பாடும் பெண்கள், கரகம் ஆடும் பெண்கள், இன்று கைபேசித் திரையில் பாடிப் பதிவேற்றும் இளம்பெண்கள் எல்லாரும் இதே தராசில்தான் நிறுத்தப்படுகிறார்கள். பாட்டு எப்படி என்ற கேள்விக்கு முன்னால், ஆள் எப்படி என்ற கேள்வி வந்துவிடுகிறது. உஷா உதுப் அந்த இரண்டாவது கேள்விக்குப் பட்டுப்புடவையால் பதில் சொல்லிவிட்டு, முதல் கேள்விக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் பாடிப் பதில் சொன்னார். ஆரத்தி தாஸுக்கு இரண்டாவது கேள்வியைத் தாண்டவே விடவில்லை.

அவருடைய வரலாற்றைப் படித்துவிட்டு நாம் செய்ய வேண்டிய வேலை, இன்னொரு உஷாவுக்காகக் காத்திருப்பதல்ல. மேடையேறும் எந்தப் பெண்ணிடமும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலிருப்பது. நம் கல்லூரி விழாவில், நம் தெருத் திருவிழாவில், நம் வீட்டுக் கூடத்தில் அதைத் தொடங்கலாம்.